அம்மாவின் சமையல் மாறிவிட்டதா?
முதுமையில் சமையல் பழக்கமும் ஆர்வமும் குறைவதற்கான மருத்துவக் காரணங்கள்

எங்கள் முதியோர் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு முதன்முறையாக வருபவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, உடன் வரும் உறவினர்களுக்குச் சற்று வியப்பைத் தருவதுண்டு. “வீட்டில் இப்போது சமைப்பது யார்? நேற்று மதியம் என்ன சமைத்தீர்கள்?” என்பதே அது. இரத்த அழுத்தத்துக்கும் மூட்டு வலிக்கும் மருந்து வாங்க வந்த இடத்தில் சமையலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவர்கள் நினைக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் உடல்நிலையும் மனநிலையும் நினைவாற்றலும் எவ்வாறு உள்ளன என்பதை, பல சமயங்களில் இரத்தப் பரிசோதனைக்கு முன்பாகவே அவருடைய அடுப்படி சொல்லிவிடுகிறது.

முதியவர் ஒருவர் பிறர் உதவியின்றி வாழ முடியுமா என்பதை மதிப்பிட, 1969-ஆம் ஆண்டில் லாட்டன், புரோடி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல், வெளியே பயணம் செய்தல், மருந்துகளைத் தாமே உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் ஆகிய எட்டுச் செயல்கள் அதில் இடம்பெற்றன. உலகெங்கும் முதியோர் மருத்துவத்தில் அந்த அளவுகோல் இன்றும் பயன்பட்டு வருகிறது. சமைத்தல் அதில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. கண், மூக்கு, நாக்கு, கை, கால், நினைவு, மனம் ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்கினால்தான் ஒரு வேளைச் சமையல் ஒழுங்காக முடியும். இவற்றுள் எது தளர்ந்தாலும் அதன் அடையாளம் சமையலில் தெரிந்துவிடும்.

இயல்பான மாற்றம் எது?

வயது ஏறும்போது சமையல் மாறுவது இயற்கையே. பிள்ளைகள் படிக்கும் காலத்தில் காலை ஆறு மணிக்குள் மூன்று அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்பிய கைகள், பிள்ளைகள் வெளியூர் சென்ற பின் இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கின்றன. அரிசி அளக்கும் ஆழாக்கு மாறுகிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வீட்டில் சுட்டவர், கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். கோடையில் வடகம் பிழிவதும் மாவடு போடுவதும் நின்றுபோகின்றன. பொரியல், கூட்டு, சாம்பார், ரசம் என்றிருந்தது ஒரு குழம்பும் அப்பளமுமாகச் சுருங்குகிறது. அறுபது வயதுக்குப் பின் இத்தகைய எளிமையைத் தாமே விரும்பி ஏற்று, வயிறார உண்டு, எடை குறையாமல், நாள் முழுவதும் சுறுசுறுப்பாக இருப்பவரைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை.

கவலைக்குரிய மாற்றம் வேறு வகையானது. அது சில மாதங்களில் நிகழும்; சமையலோடு உணவின் அளவும் குறையும்; சுவை மாறும்; அல்லது முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் தடுமாற்றம் தெரியும். வீட்டார் இதைச் சோம்பல் என்றோ வீம்பு என்றோ வயதாகிவிட்டது என்றோ எடுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு விட்டுவிடுவதால் குணப்படுத்தக்கூடிய நோய்கள் பல மாதங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன.

இத்தகைய பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசினால், அவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நான்கு வாக்கியங்களுள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைக் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் தீர்வும் வேறு.

“எதைச் சாப்பிட்டாலும் ருசியே தெரியவில்லை”

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்னும் அடிப்படைச் சுவைகளை மட்டுமே நாக்கு உணர்கிறது. ரசத்தின் மணம், தாளித்த கறிவேப்பிலையின் மணம், புதிதாக இறக்கிய காபியின் மணம் ஆகியவற்றை நமக்கு உணர்த்துவது மூக்கு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலையே. சளி பிடித்த நாளில் சோறு சப்பென்று இருப்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முகரும் திறன் வயதோடு குறைகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2,000 பேரிடம் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும், 80 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலாகவும் முகரும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. இது சிறிது சிறிதாகக் குறைவதால், பலர் தமக்கு இக்குறை இருப்பதையே அறிவதில்லை. “இப்போது வரும் கறிவேப்பிலையில் மணமே இல்லை” என்று கடைக்காரரைக் குறை கூறுவார்கள்.

மருந்துகளும் சுவையை மாற்றும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், தொற்றுக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் ஆகியவை சிலருக்கு வாயில் உலோகச் சுவையை உண்டாக்குகின்றன. ஒவ்வாமை, மனச்சோர்வு, சிறுநீர்ப்பைக் கோளாறு ஆகியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்துகின்றன. உமிழ்நீரில் கரையாத உணவின் சுவையை நாக்கு உணர இயலாது. பொருந்தாத பல்செட், ஈறு நோய், துத்தநாகக் குறைபாடு ஆகியனவும் காரணங்களாகலாம். பார்க்கின்சன் நோயில், கை நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முகரும் திறன் குறைவதுண்டு.

சுவை தெரியாதவர் சமைக்கும்போது தம்மையறியாமல் உப்பைக் கூட்டுகிறார். தட்டில் ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் கருவாடும் அதிகமாகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. எனவே மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டும் இரத்த அழுத்தம் கட்டுப்படாத பெரியவர்களிடம் நாங்கள் உப்பைப் பற்றி விசாரிக்கிறோம். “அம்மா சமையலில் இப்போதெல்லாம் உப்பு தூக்கலாக இருக்கிறது” என்று மருமகளோ பேரனோ சொன்னால், அதை நாங்கள் ஒரு மருத்துவக் குறிப்பாகவே எழுதிக்கொள்கிறோம்.

உப்பைக் கூட்டாமல் சுவையைக் கூட்ட நம் சமையலிலேயே வழிகள் உள்ளன. அடுப்பை அணைத்த பின் எலுமிச்சம் பழம் பிழிதல், அவ்வப்போது பொடித்த மிளகு சீரகம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றைச் சேர்த்தல், சாப்பிடும் நேரத்தில் தாளித்தல் ஆகியவை மணத்தை மிகுவிக்கும். ஒரு முக்கிய எச்சரிக்கை: கடைகளில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகளில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சில வகை மாத்திரைகள் உட்கொள்பவர்களும் அதைப் பயன்படுத்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம்.

முகரும் திறன் குறைந்த வீட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவை அறிந்துகொள்வதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றமுள்ள வேதிப்பொருள் அதில் கலக்கப்படுகிறது. அந்நாற்றத்தை உணர முடியாத பெரியவர் தனியாக இருக்கும் வீட்டில், இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை அணைப்பதை மாறாத வழக்கமாக்க வேண்டும். கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவியைப் பொருத்துவது நல்லது. கசிவு என்று ஐயம் எழுந்தால் மின்விசை எதையும் தொடாமல் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

“கை ஒத்துழைக்கவில்லை; நிற்க முடியவில்லை”

இரண்டாவது வாக்கியம் மூட்டுகளையும் தசைகளையும் கண்களையும் பற்றியது. கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் ஏற்பட்டால் தேங்காய் துருவுதல், புட்டியின் மூடியைத் திறத்தல், சப்பாத்தி மாவு பிசைதல் ஆகியவை வேதனை தரும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் கை மரத்துப்போய்ப் பாத்திரம் நழுவும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு அரிவாள்மனையில் உட்கார்ந்து எழுவது இயலாது. மேடையருகில் அரை மணி நேரம் நிற்பதும் கடினம். கண்புரை உள்ளவருக்கு அரிசியில் கல் தெரியாது. அடுப்பின் நீலச் சுடர் எவ்வளவு உயரத்தில் எரிகிறது என்பதும் தெரியாது. நீரிழிவால் விரல் நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்குச் சூடு உறைக்காது.

இவர்களுக்குச் சமைப்பதில் ஆர்வம் குறையவில்லை. உடல் இடம் கொடுப்பதில்லை. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, “எனக்கு ரசம் சாதமே போதும்” என்று முடித்துக்கொள்வார்கள். காய் நறுக்கக் கை வராததால் தட்டிலிருந்து முதலில் மறைவது காய்கறியே. கண்புரை அறுவை சிகிச்சை, வலிக்கான முறையான மருத்துவம், இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் பலர் அடுப்படிக்குத் திரும்புவதை நாங்கள் பார்த்து வருகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. உயரம் சரியான ஒரு நாற்காலியைச் சமையலறையில் போட்டு, உட்கார்ந்தே காய் நறுக்க ஒரு மேசையை ஒதுக்கலாம். அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களையும் அஞ்சறைப் பெட்டியையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்க வேண்டும். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முக்காலியில் ஏறுவது முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்கு வழிவகுக்கும். ஐந்து லிட்டர் குக்கரை மாற்றி, இரண்டு லிட்டர் குக்கர் வாங்கித் தந்தால் மணிக்கட்டுக்கு நிம்மதி. அடுப்பின் அருகில் நல்ல வெளிச்சமுள்ள விளக்கு வேண்டும். தளர்ந்து தொங்கும் நைலான் ஆடைகளைச் சமைக்கும்போது தவிர்க்க வேண்டும். சுட்டுக்கொண்டால் மையோ பற்பசையோ நெய்யோ தடவாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும்.

“யாருக்காகச் சமைப்பது?”

இக்கேள்வியைத் துணையை இழந்தவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். ஐம்பது ஆண்டுகள் ஒருவருடைய பசிக்கும் விருப்பத்துக்கும் ஏற்பச் சமைத்தவருக்கு, தமக்காக மட்டும் அடுப்பை மூட்டுவது பொருளற்றதாகத் தோன்றுகிறது. காலையில் காபியும் பிஸ்கட்டும், மதியம் மோர் சாதம், இரவு மீண்டும் மோர் சாதம் அல்லது வெறும் காபி என்று நாள்கள் கழிகின்றன. மனிதர்கள் கூடி உண்ணும்போது அதிகமாகவும் தனியே உண்ணும்போது குறைவாகவும் உண்கின்றனர் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை.

துக்கம் இயல்பானது, அதற்குக் காலம் தேவை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் பெரும்பொழுது மனம் சோர்ந்திருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, தூக்கக் குறைவு, பசியின்மை, எதற்கும் தாம் பயனற்றவர் என்னும் எண்ணம் ஆகியவை தொடர்ந்தால், அதை மனச்சோர்வு நோயாகக் கருதி மருத்துவம் பார்க்க வேண்டும். முதியவர்கள் “மனம் சரியில்லை” என்று சொல்வது அரிது. “உடம்பெல்லாம் வலிக்கிறது, அடுப்பு பக்கமே போகப் பிடிக்கவில்லை” என்றே சொல்வார்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் இதேபோன்ற சோர்வை உண்டாக்கும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். இரண்டுமே மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை.

இங்கே ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாட்டன், புரோடி அளவுகோல் தொடக்கத்தில் பயன்பட்டபோது, சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல் ஆகிய மூன்றும் ஆண்களுக்குக் கணக்கிடப்படவில்லை. அக்கால வழக்கம் அப்படி. இன்று அவற்றை ஆண்களிடமும் கேட்கிறோம். வாழ்நாள் முழுவதும் சமையலறைக்குள் நுழையாத ஒருவர் 75 வயதில் மனைவியை இழக்கும்போது, அவருடைய துக்கத்தோடு பட்டினியும் சேர்ந்துகொள்கிறது. பணம் இருந்தும், வீட்டில் அரிசி இருந்தும், உண்ணத் தெரிந்தும், ஆக்கத் தெரியாத நிலை அது. ஓய்வு பெற்ற ஆண்கள் சோறு வடித்தல், பருப்பு வேகவைத்தல், முட்டை அவித்தல், ஒரு ரசம், ஒரு பொரியல் ஆகிய ஐந்தையேனும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. மனைவி நோயுறும் நாளிலும் அது பயன்படும்.

“உப்பு போட்டேனா இல்லையா, நினைவில்லை”

சாம்பார் வைப்பதை எளிய வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூளைக்குக் கடினமான பயிற்சி. பருப்பைக் குக்கரில் வைத்து விசில்களை எண்ண வேண்டும். அதற்குள் புளியை ஊறவைத்துக் கரைக்க வேண்டும். சீக்கிரம் வேகும் காயையும் தாமதமாக வேகும் காயையும் முறையறிந்து போட வேண்டும். பக்கத்து அடுப்பில் சோறு பொங்காமல் பார்க்க வேண்டும். தாளிப்பில் கடுகு வெடித்த பிறகே கறிவேப்பிலையைப் போட வேண்டும். திட்டமிடுதல், வரிசைப்படுத்துதல், ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனத்தில் வைத்திருத்தல் ஆகிய இத்திறன்களை மூளையின் முன்பகுதி ஆள்கிறது. மறதி நோயின் தொடக்கத்தில் இவையும் தளரக்கூடும். ஆகவே, நன்கு பழகிய சமையலின் படிகளில் தடுமாறுவது அல்சைமர் நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

பால் ஒருமுறை பொங்கி வழிந்ததற்காக யாரும் அஞ்ச வேண்டாம். அது எல்லா வயதினருக்கும் நடப்பது. ஆனால் குழம்பில் இருமுறை உப்பு விழுவது அடிக்கடி நடந்தாலோ, பாத்திரங்கள் தொடர்ந்து அடிப்பிடித்துக் கருகினாலோ, அடுப்பை மூட்டிவிட்டு மறந்து வெளியே சென்றாலோ, ஏற்கெனவே மூன்று பொட்டலம் இருக்கத் துவரம்பருப்பை மீண்டும் வாங்கினாலோ, ஆண்டுக்கணக்கில் செய்த பலகாரத்தின் பக்குவத்தை இடையில் மறந்து திகைத்து நின்றாலோ எங்களிடம் அழைத்து வாருங்கள். மறதிக்குக் காரணம் எப்போதும் மூளைத் தேய்மானமாக இருக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதேபோன்ற தோற்றத்தைத் தருகின்றன. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கும், பால் தவிர விலங்குணவு எதையும் உண்ணாதவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். இக்குறைகளைக் கண்டறிந்து சரிசெய்யலாம்.

சமையல் குறைந்தால் உடலுக்கு என்ன ஆகும்?

தசையின் இழப்பே முதல் விளைவு. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் அது விரைவாகிறது. இதைத் தாமதப்படுத்தப் புரதமும் நடையும் வேண்டும். சிறுநீரக நோய் இல்லாத முதியவர்கள் நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பெறுவது நல்லது என்று வல்லுநர் குழுக்கள் கூறுகின்றன. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 முதல் 60 கிராம். இரண்டு இட்லி, இரண்டு வேளை காபி, ரசம் சாதம், மோர் சாதம் என்னும் ஒரு நாள் உணவைக் கூட்டிப் பார்த்தால் 25 கிராமைத் தாண்டுவதே கடினம். வயிறு நிறைந்திருக்கும், தசை பட்டினி கிடக்கும். வளையல் தளர்வது, இரவிக்கை தொளதொளப்பது, பல்செட் கழன்று வருவது, கீழே அமர்ந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். பின்னர் விழுதல், எலும்பு முறிவு, படுக்கை என்று அது தொடர்கிறது.

இரண்டாவது விளைவு உடனடி ஆபத்து. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருந்தின் அளவைப் பழையபடியே வைத்துக்கொண்டு உணவை மட்டும் குறைத்தால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், தொடர்பற்ற பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவர்களிடம் சில சமயம் குழப்பம் மட்டுமே தெரியும். அவர் விழிப்போடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுத்து, பின்னர் உணவு தர வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும். “அம்மா இப்போது இரவில் சமைப்பதில்லை” என்னும் ஒரு தகவலை எங்களிடம் முன்கூட்டியே சொன்னால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி இந்த ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.

வீட்டார் செய்யக்கூடியவை

சமைக்க முடியாதவரிடமிருந்து சமையலறையை முழுவதுமாகப் பறித்துவிட வேண்டாம். “இனிமேல் நீங்கள் அடுப்படிக்கே வர வேண்டாம் அம்மா, உட்கார்ந்து ஓய்வெடுங்கள்” என்று மகனும் மருமகளும் அன்போடுதான் சொல்கின்றனர். ஆனால் அந்த வீட்டில் தமக்கிருந்த இடமே போய்விட்டதாகப் பெரியவர் அதை எடுத்துக்கொள்ள நேரிடும். நெருப்பையும் கொதிநீரையும் கனமான பாத்திரங்களையும் இளையவர்கள் ஏற்றுக்கொண்டு, கீரை ஆய்தல், பூண்டு உரித்தல், புளி கரைத்தல், பக்குவம் சொல்லுதல், இன்று என்ன சமைப்பது என்று முடிவுசெய்தல் ஆகியவற்றை அவரிடமே விடலாம். மறதி தொடங்கியவர்களும் இவ்வேலைகளை நெடுநாள் செய்ய முடியும். விரல்களுக்கும் மனத்துக்கும் அது நல்ல பயிற்சி.

தனியாக வாழ்பவர்களுக்கு, முழுச் சமையலை வலியுறுத்துவதை விட, இருக்கும் உணவோடு புரதத்தைச் சேர்ப்பது எளிது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. 200 மில்லி பாலிலும் அவ்வளவே. 30 கிராம் பருப்பிலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலோ 7 கிராம் கிடைக்கும். 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை கிடைக்கும். ரசத்தில் மசித்த பருப்பைக் கெட்டியாகச் சேர்க்கலாம். மோர் சாதத்தைத் தயிர் சாதமாக்கலாம். மாலைக் காபியோடு பிஸ்கட்டுக்குப் பதில் குழைய வேகவைத்த சுண்டல் தரலாம். பல் இல்லாதவர்களுக்குக் கடலையைப் பொடித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் எங்களைக் கேட்க வேண்டும்.

ஒருமுறை சமைத்து மூன்று நாள் உண்ணும் பழக்கம் தனியாக வாழும் வீடுகளில் பரவலாக உள்ளது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல், அந்தந்த வேளைக்கான அளவில் சிறு கிண்ணங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உண்ணும் வேளைக்கு ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

ஒரே வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு, மற்றொருவருக்கு இரத்த அழுத்தம், பிள்ளைகளுக்கு வேறு உணவு என்று மூன்று சமையல் செய்து களைத்துப்போகும் பராமரிப்பாளர்களையும் நாங்கள் அறிவோம். அவர்களுள் பலர் தாமே ஐம்பது வயதைக் கடந்தவர்கள். தனித்தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. ஒரே குழம்பில், உப்பும் காரமும் முழுமையாகச் சேர்ப்பதற்கு முன் பெரியவருக்கான பங்கை எடுத்து வைத்தால் போதும். வாரத்தில் சில வேளைகளை மற்ற உறவினர்களோ அக்கம்பக்கத்தாரோ ஏற்றுக்கொள்ளக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தொலைவில் இருக்கும் பிள்ளைகள், “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்டால் “ஆயிற்று” என்றே பதில் வரும். “இன்று என்ன சமைத்தாய்?” என்று கேளுங்கள். அதன் பதிலில் உண்மை தெரியும். முடிந்தால், வாரம் ஒருமுறையேனும் காணொளி அழைப்பில் அவரோடு சேர்ந்து உண்ணுங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும், அடுத்த முறைக்கான தேதி வரும் வரை காத்திராமல் வாருங்கள்:

• ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி ஏதுமின்றி, எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருத்தல் (60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோ).
• மணமோ சுவையோ திடீரெனத் தெரியாமல் போதல், அல்லது புதிய மருந்து தொடங்கிய பின் சுவை மாறுதல்.
• சமையலில் ஆர்வமின்மையோடு மனச்சோர்வும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தல். “இருந்து என்ன பயன்” என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றே அழைத்து வரவும்.
• பழகிய சமையலில் திரும்பத் திரும்பத் தடுமாற்றம். அடுப்பை அணைக்க மறத்தல்.
• நீரிழிவு மருந்து உட்கொள்பவர் வேளை உணவைத் தவிர்த்தல்.
• உணவை விழுங்கும்போது அடைப்போ இருமலோ ஏற்படுதல்.

வரும்போது, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், மருந்துக் கடையில் தாமாக வாங்கியவை, சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதற்கு முந்தைய மூன்று நாள்களில் அவர் சமைத்ததையும் உண்மையில் உண்டதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. “செவ்வாய் இரவு – காபி மட்டும்” என்பதுபோல் இருந்தால் போதும். எந்த மருந்தைக் குறைப்பது, எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அந்தத் தாள் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். தனியாக வாழும் முதியவர்களுக்கு வேறு உதவிகள் தேவைப்பட்டால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.